பதினொரு சைட்டும் சிவப்பு

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பதரை. குன்னூரில் பனி இன்னும் விலகவில்லை. அலுவலகத்துக்குள் நுழைந்து ஸ்வெட்டரைக்கூடக் கழற்றவில்லை, கோவைத் தலைமை அலுவலகத்திலிருந்து போன். "என்னம்மா, மலைல நடக்குற பதினொரு வேலையும் லேட்டுன்னு சிவப்பா காட்டுது? போன வாரம்தானே எல்லாம் நல்லாப் போகுதுன்னு சொன்னீங்க?"

ஒரு வேலையும் லேட் ஆகியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்து, எந்த வேலை எந்தத் தேதியில் என்று கோடு போட்டுக் காட்டும் எங்கள் பார் சார்ட்டுகளைக் கம்பெனியின் புதுப் பொது மென்பொருளில் நான் ஏற்றி முடித்திருந்தேன். அதுதான் நடந்தது.

நாங்கள் கட்டட ஒப்பந்தக்காரர்கள். மலையில் தடுப்புச் சுவர், பழைய பங்களா பராமரிப்பு, தேயிலைத் தொழிற்சாலைக் கூரை, தண்ணீர்த் தொட்டி என்று கிடைப்பதைச் செய்வோம். எந்த வேலை எப்போது என்று அட்டவணை போடுவது என் பொறுப்பு. மார்ச் 31-க்குள் எல்லாக் கிளைகளும் தங்கள் வேலைகளை ஒரே மென்பொருளுக்குக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு வந்தது. "புதுசா ஆரம்பிக்கிற வேலையை மட்டும் அதில் போடுகிறோம், நடப்பது பழைய ஃபைலிலேயே முடியட்டும்" என்று கேட்டுப் பார்த்தேன். நடக்கவில்லை. முடிந்த வேலைகளை ஏற்ற அரை மணி நேரம், தொடங்காத வேலைகளை ஏற்ற ஒரு மணி நேரம். பாதியில் நின்ற பதினொன்றுதான் ஐந்து வாரத்தைத் தின்றது.

முதலில் தேதி. எங்களிடம் நான்கு வேலை மைக்ரோசாப்ட் பிராஜெக்டில் இருந்தது, ஆறு எக்செலில், ஒன்று மேஸ்திரியின் டைரியில். எல்லாவற்றையும் கோவை கொடுத்த டெம்ப்ளேட்டில் கொட்டி ஏற்றினேன். 18/06 என்று இருந்த வரிகளையெல்லாம் மென்பொருள் திருப்பி அனுப்பியது. பதினெட்டாவது மாதம் என்று ஒன்று கிடையாதே. அது மாதத்தை முன்னால் வைத்துப் படிக்கிறது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். திரும்பி வந்த வரிகளை மட்டும் திருத்தி மறுபடி ஏற்றினேன். 12-க்குள் இருந்த தேதிகள் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டன. கோத்தகிரி சைட்டில் மண்வெட்டு 05/09-ல் தொடங்கி 12/09-ல் முடிந்தது. ஒரு வார வேலை. மென்பொருளில் அது மே 9-ல் தொடங்கி டிசம்பர் 9-ல் முடிந்தது. ஒரு வாரம் ஏழு மாதமாகிவிட்டது! 10/10 மட்டும் எப்படிப் புரட்டினாலும் சரியாக இருந்தது, புண்ணியவான். அதனால் சொல்கிறேன்: வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் 2025-09-05 என்று எழுதி ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு 12-க்கு உட்பட்ட தேதிகளை மட்டும் தனியாக எடுத்து ஒருமுறை கண்ணால் பாருங்கள். பிழை காட்டாத வரிதான் ஆபத்து.

அடுத்து, தமிழ். சைட் ஆட்கள் படிக்க வேண்டுமே என்று வேலைகளின் பெயரைத் தமிழில்தான் வைத்திருந்தேன். ஏற்றியதும் "சென்டரிங் பிரிப்பு", "கல் கட்டு" எல்லாம் வெறும் கேள்விக்குறிகளாக நின்றன. கோவை உதவி மையத்தில் கேட்டேன். "மேடம், இங்கிலீஷ்லயே போட்டுடுங்களேன்" என்றார் தம்பி. விடுவேனா? எக்செலில் சேமிக்கும்போது சாதாரண சிஎஸ்வி (கமாவால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) என்று கொடுக்காமல், அதே பட்டியலில் சற்றுத் தள்ளியிருக்கும், தமிழ் எழுத்தையும் சிதைக்காத சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இதை எங்கள் அக்கவுண்ட்ஸ் பையன்தான் கண்டுபிடித்தான். அவனுக்கு ஒரு வர்க்கி பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன்.

ஆட்களின் பெயரிலும் கூத்து. ஒரே மேஸ்திரி பெயர் மட்டும், பெயரோடு மேஸ்திரி, இனிஷியலோடு பெயர் என்று மூன்று பேராகிவிட்டார். ஒரே நாளில் மூன்று சைட்டில் அவர் வேலை செய்வதாக இருந்ததை மென்பொருள் கண்டுகொள்ளவேயில்லை, மூவரும் வெவ்வேறு ஆள் அல்லவா. ஏற்றுவதற்கு முன்னால் பெயர்களை ஒரே பட்டியலாக்கி, அதிலிருந்து மட்டும் எடுத்துப் போடுங்கள்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமைச் சிவப்புக்குக் காரணம் இவை எதுவுமில்லை. இதெல்லாம் அதற்கு முந்தைய வாரமே திருத்தியாகிவிட்டது.

காரணம் 60 சதவீதம். டெம்ப்ளேட்டில் திட்டத் தொடக்கம், திட்ட முடிவு, முடிந்த சதவீதம் என்று மூன்று கட்டம் இருந்தது. கேட்டதைக் கொடுத்தேன். ஜனவரி 1 முதல் 30 வரை என்று போட்டிருந்த சுவர் வேலை 60 சதவீதம் முடிந்திருக்கிறது என்றேன். மென்பொருள் என்ன செய்தது? வேலை ஜனவரி 1-லேயே தொடங்கியது, 18 நாள் வேலை முடிந்தது, மிச்சம் 12 நாள் ஜனவரியிலேயே கிடக்கிறது, ஆகவே தாமதம் என்று கணக்குப் போட்டது. உண்மையில் அந்தச் சுவர் வேலை தொடங்கியதே ஜனவரி 20-ல். ஏன் அப்படி என்று வாடிக்கையாளருக்கும் தெரியும், நாங்கள் கடிதமும் கொடுத்திருந்தோம். உண்மையில் தொடங்கிய தேதி, இன்னும் தேவைப்படும் நாட்கள் என்ற இரண்டு கட்டங்களும் அதே டெம்ப்ளேட்டில் இருந்தனவாம், மறைத்து வைத்திருந்தார்கள். "அதெல்லாம் போட்டா நீங்க குழம்பிடுவீங்கன்னு ஹைட் பண்ணி வெச்சோம் மேடம்." இப்படிச் சொன்ன அந்த உதவி மையத் தம்பியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சிவப்பாகிற ஒவ்வொரு வரிக்கும் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் மெயில் போகும்படி வேறு வைத்திருந்தார்கள். ஒரே ராத்திரியில் முந்நூறு மெயிலுக்கு மேல். பங்களா வேலையில் உரிமையாளரையும் பார்வையாளராகச் சேர்த்திருந்தோம். கூரை வேலை 94 நாள் தாமதம் என்று சென்னையில் இருக்கிற மனிதருக்கு மெயில் போயிருக்கிறது. அவரைச் சமாதானப்படுத்த மாற்றிய ஓடுகளின் போட்டோவை எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: ஏற்றுவதற்கு முன்னால் அறிவிப்புகளை மொத்தமாக அணைத்துவிடுங்கள். வெளியாட்களைக் கடைசியில் சேருங்கள்.

இதில் எனக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது வேறு. மென்பொருள் குழப்பத்தைச் சரிசெய்கிறேன் என்று, இரண்டு வேலைகளில் பழைய திட்டத் தேதியை அழித்து இன்றைய நிலவரத்தைப் போட்டுவிட்டேன். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. அரை நாள் சந்தோஷம். அப்புறம்தான் தோன்றியது, அதில் ஒன்று அரசு வேலை. மழையால் போன நாட்களுக்குக் கால நீட்டிப்பு கேட்டுக் கடிதம் எழுத வேண்டிய வேலை. முதலில் ஒப்புக்கொண்ட தேதி இது, நடந்தது இது, நடுவில் இத்தனை நாள் மழை என்று காட்டினால்தான் நீட்டிப்பு, இல்லாவிட்டால் அபராதம். பச்சையாக்குகிறேன் என்று நான் அழித்தது அந்த ஆதாரத்தை. நல்லவேளை, பழைய ஃபைல் என் லேப்டாப்பில் இருந்தது. பேஸ்லைன் என்று முதல் திட்டத்தைச் சேமித்து வைத்திருந்ததால் தேதிகளைத் திரும்ப எடுக்க முடிந்தது. இப்போது எல்லா வேலைக்கும் ஒப்பந்தத் தொடக்கம், ஒப்பந்த முடிவு என்று தனியாக இரண்டு கட்டம் வைத்து, யாரும் கைவைக்க முடியாதபடி பூட்டியிருக்கிறேன். பழைய ஃபைலைத் தேதி போட்டு பிடிஎஃப்-ஆக அந்தந்த வேலையோடு இணைத்தும் விட்டேன்.

சரி, மறுபடி ஏற்றலாம் என்று உட்கார்ந்தால் அடுத்த வில்லங்கம், காலண்டர். மென்பொருளில் இருந்தது கோவைக் காலண்டர். ஞாயிறு லீவு, அரசு விடுமுறை, அவ்வளவுதான். மலையில் அது செல்லாது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை போட்டு வாங்கும். மண் வேலையைப் பற்றிப் பேசவே முடியாது. கோத்தகிரி, குன்னூர்ச் சரிவில் அந்த மாதங்களில் வேலை நடக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பயம். 2009 நவம்பர் மழையையும் நிலச்சரிவையும் இங்கே யாரும் மறக்கவில்லை. படகர்களின் ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு உள்ளூர் விடுமுறை உண்டு, அதுவும் கோவைக் காலண்டரில் கிடையாது. ஒரே மாவட்டத்தில் இரண்டு மழைக்காலம் என்று போனில் சொன்னால் எதிர்முனையில் சிரிக்கிறார்கள்.

சைட்டுக்கு ஒரு காலண்டர் வைக்க நிர்வாகி அனுமதி வேண்டும், நேரில் வந்தால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்றார்கள். நம்பி, காலை ஆறரை பஸ்ஸைப் பிடித்தேன். பர்லியாறில் ஒரு டீ, மேட்டுப்பாளையத்தில் நெரிசல், கோவை போய்ச் சேர்ந்தால் அனுமதி கொடுக்கிற ஒரே ஆள் அன்று லீவு. வேறு யாருக்கும் கடவுச்சொல் தெரியாது. வந்ததற்கு ஒரு காபி கொடுத்தார்கள். திரும்பும்போது ஏதோ லாரி பழுதாகி நின்று ரோடு அடைபட்டு, பஸ்ஸைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிட்டார்கள். வீடு வந்து சேர்ந்தபோது ராத்திரி ஒன்பது. மறுநாள் அந்த அதிகாரியே போனில் கூப்பிட்டு, நான் லைனில் இருக்கும்போதே ஒரு கட்டத்தில் டிக் அடித்தார். முடிந்தது. பதினைந்து விநாடி. இதற்கா போனேன்?

காலண்டர் வந்ததும் இன்னொன்று இடித்தது. கான்கிரீட் போட்டால் குறைந்தது 7 நாள் க்யூரிங், அதாவது தண்ணீர் விட்டு ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். சிமென்டுக்கு ஞாயிறும் தெரியாது, பண்டிகையும் தெரியாது. பழைய ஃபைலில் இந்த இடைவெளியை விடுமுறையையும் சேர்த்து எண்ணும் நாளாக வைத்திருந்தேன். மாற்றும்போது அது வேலை நாளாகிவிட்டது. ஞாயிறு வந்தால் ஒரு நாள் தள்ளும், பரவாயில்லை. மழை நிறுத்தம் நடுவில் வந்தால் க்யூரிங் மூன்று மாதம் ஓடும்! இடைவெளியை எடுத்துவிட்டு "க்யூரிங்" என்றே ஒரு வரி சேர்த்து, அதற்கு லீவே இல்லாத காலண்டரைக் கொடுத்தேன்.

ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பாளர் பெயர் கட்டாயம் என்பது இன்னொரு தொல்லை. மலையில் பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அந்தக் காத்திருப்பு வரிக்கு யார் பெயரைப் போடுவது? வேறு வழியில்லாமல் என் பெயரைப் போட்டேன். தினமும் காலை எட்டு மணிக்கு நான் தாமதம் என்று எனக்கே மெயில் வருகிறது.

கடைசியில் சரியாக ஏற்றிய முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணியை எல்லையாக வைத்தேன். அதுவரை நடந்தது பழைய கணக்கு, அதற்குப் பிறகு யாரும் எக்செலைத் தொடக்கூடாது. ஞாயிறு முழுக்கச் சூப்பர்வைசர்களையும் மேஸ்திரிகளையும் ஒவ்வொருவராக போனில் பிடித்தேன். சேரம்பாடி ஆளுக்கு மட்டும் சிக்னல் இருக்கிற மேட்டுக்கு ஏறி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. "எத்தனை சதவீதம் முடிஞ்சுது?" என்று கேட்டால் எல்லோரும் அறுபது, எழுபது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். கீழ்கோத்தகிரிப் பெரிய மேஸ்திரிதான் திருப்பிக் கேட்டார்: "அறுபதுன்னா என்ன கண்ணு? சுவத்த அஞ்சு பேனலாப் பிரிச்சிருக்கோம், மூணு முடிஞ்சுது. மிச்ச ரெண்டும் பாறை மேல. அதுக்கு இருபத்தஞ்சு நாள் ஆகும்." அவ்வளவுதான், எனக்கு வழி கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு யாரிடமும் சதவீதம் கேட்கவில்லை. எப்போது தொடங்கினீர்கள், இன்னும் எத்தனை நாள் என்று இரண்டே கேள்வி. பாதியில் இருந்த வரிகளை இரண்டாக உடைத்தேன். முடிந்த மூன்று பேனல் உண்மைத் தேதிகளோடு நூறு சதவீதம், மிச்ச இரண்டு பேனல் 25 நாளோடு பூஜ்யம். இப்படி உடைத்துப் போட்டதும் மென்பொருளுக்குக் குழம்ப வழியே இல்லை.

திங்கட்கிழமை காலை போன் வரவில்லை. பத்து மணிக்கு நானே கோவைக்கு அடித்தேன். "ரெண்டு சைட் மட்டும் சிவப்பா இருக்கேம்மா?" என்றார் மேலாளர். "ஆமா சார், அது ரெண்டும் நிஜமாவே லேட்" என்றேன்.

பதினொன்றில் பத்துதான் ஏறியது என்பதை அவரிடம் சொல்லவில்லை. மேஸ்திரியின் டைரியில் இருந்தது ஒரு தண்ணீர்த் தொட்டி வேலை. இன்னும் 12 நாளில் முடிகிற வேலை. அதற்கு வெறும் பெயரை மட்டும் போட்டுவிட்டு, கேட்டபோதெல்லாம் "மாத்திட்டிருக்கோம் சார்" என்று ஓட்டினேன். பதினான்காம் நாள் தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பார்த்தார்கள், ஒழுகவில்லை. அன்று மாலையே அதை முடிந்த வேலைகளோடு சேர்த்து ஏற்றிவிட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.