டேல் க்ரீக் பாலமும் என் மேசை விசிறியும்

கிரென்வில் டாட்ஜைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தது வெறும் ஆர்வத்தில்தான். நாலு மாதம் கழித்துப் பார்த்தால் வீடெங்கும் மாடல் செய்யும் பால்சா மரத்தின் தூள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் ஜெனரல் அவர். 1864-இல் அட்லாண்டாவுக்கு அருகே தலையில் குண்டடி பட்டும் பிழைத்தார். 1866-இல் யூனியன் பசிபிக் ரயில்வேக்குத் தலைமைப் பொறியாளர் ஆனார். அதே ஆண்டு அயோவாவிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கும் தேர்வானார். ஆனால் சபையைவிடப் பாதை போடும் இடத்தில்தான் ஆளை அதிகம் பார்க்க முடிந்தது.

கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் போட்டு வந்த இரண்டு ரயில் பாதைகளும் 1869 மே 10 அன்று சேர்ந்த இடத்தைத்தான் மாடல் செய்பவர்கள் பெரும்பாலும் எடுப்பார்கள். நான் இன்றைய வயோமிங்கில் இருந்த டேல் க்ரீக் மரப்பாலத்தை எடுத்தேன். ஏறத்தாழ 650 அடி நீளம், 150 அடி உயரம். 1:160 அளவில் 49 அங்குலம், 11 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். என் மேசைக்குச் சரியாக இருக்கும்.

பாலம் இருந்த பாதை மலையேற வாகான ஒரு வழியில் போனது. அந்த வழி டாட்ஜுக்குக் கிடைத்தது 1865-இல், பழங்குடி வீரர்கள் துரத்த, முகடு வழியாகத் தப்பி இறங்கியபோது. இது அவரே சொன்ன கதை. கொஞ்சம் மசாலா இருக்கலாம்.

முதல் வாரம்: தெர்மாகோல் மேல் வரைபடத்தை ஒட்டி, குண்டூசி குத்தி, 2 மில்லிமீட்டர் குச்சிகளை அடுக்கி ஒரே அச்சில் சட்டங்கள் செய்தேன். அசல் பாலத்துக்கும் மரத்தைச் சிகாகோவிலேயே அளவாக அறுத்துத்தான் அனுப்பினார்களாம்.

மூன்றாம் வாரம்: பசை காயட்டும் என்று விசிறியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஆறு சட்டங்கள் குப்புறக் கிடக்கின்றன. அன்று ராத்திரி படித்ததில் தெரிந்தது: 1868 ஏப்ரலில், வேலை முடியும் தறுவாயில், காற்றில் அந்தப் பாலமே ஆடியிருக்கிறது. கயிறும் சங்கிலியும் கட்டி இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். நானும் கறுப்பு நூலை இருபுறமும் இழுத்துக் கட்டினேன். இப்போது விசிறி இரண்டாம் நம்பர் வரை தாங்குகிறது.

அடுத்தது தண்டவாளம். அசல் ரயில்கள் அங்கே மணிக்கு 4 மைல் வேகத்தில்தான் ஊர்ந்தனவாம். கணக்குப்படி என் எஞ்சின் பாலத்தைக் கடக்கக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் ஆகவேண்டும். அவ்வளவு மெதுவாக விட்டால் பாதியில் திக்கி நின்றுவிடுகிறது. சக்கரத்தைத் துடைத்துப் பார்த்தாயிற்று; இனி மோட்டாரைத்தான் பிரிக்கவேண்டும்.