மாந்தோவாவில் மூன்று நாள்

ஜூலை 15, திங்கள்

இத்தாலியின் வெரோனாவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். ஊர் வருவதற்குச் சற்று முன்னால் தண்டவாளத்தின் இருபுறமும் தண்ணீர். மிஞ்சோ ஆற்றை 12ஆம் நூற்றாண்டில் மறித்து நான்கு ஏரிகளாக்கினார்கள். இன்று மிஞ்சியிருப்பவை மூன்று. மேல் ஏரியில் தாமரை மண்டிக் கிடக்கிறது. 1921இல் நட்டதாம், இப்போது வெட்டி மாளவில்லை.

கோட்டை அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. விசாரிக்காமல் வந்தது என் பிழை. பசியாவது ஆறட்டும் என்று தொர்தெல்லி கேட்டேன். பரங்கிக்காய், அமரெத்தி பிஸ்கட் தூள், கடுகுக் காரம் ஏறிய பழ ஊறல், பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் மாவில் பொதிந்து, உருக்கிய வெண்ணெய் ஊற்றித் தருகிறார்கள். கொழுக்கட்டைப் பூரணத்தில் யாரோ உப்பைக் கொட்டிவிட்டது போலிருந்தது. நான்காவதில் பிடித்துவிட்டது. தட்டை வழித்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

கோட்டை அரண்மனையில், ஓவியர் மாந்தேஞ்ஞா 1465 முதல் 1474 வரை வரைந்த அறை. சுவரில் ஊரை ஆண்ட கொன்சாகா குடும்பம்: கையில் கடிதத்துடன் குடும்பத் தலைவர் லுதோவிகோ, அவர் நாற்காலிக்கடியில் நாய், யாரும் சிரிக்கவில்லை. கல்யாண வீட்டு குரூப் போட்டோவேதான். அண்ணாந்தால் கூரையில் வட்டத் திறப்பு, அதில் வானம், எட்டிப் பார்க்கும் பெண்கள். விளிம்பில் ஒரு செடித் தொட்டி, மெல்லிய கழி ஒன்றின் தயவில் நிற்கிறது. அத்தனையும் மூடிய கூரையில் வண்ணம் செய்யும் வித்தை. தெரிந்தும் ஓரமாக நகர்ந்து நின்றுகொண்டேன்.

ஜூலை 17, புதன்

பலாத்ஸோ தே என்ற அரண்மனை. கட்டடக் கலைஞர் ஜூலியோ ரொமானோ கட்டியது. முற்றத்துச் சுவரின் மேல்வரிசையில் சில கற்கள் கீழே நழுவியிருக்கின்றன. மேஸ்திரியைத் திட்டத் தோன்றும். ஆனால் வேண்டுமென்றே அப்படி வைத்தது. உள்ளே ராட்சதர் அறையில் தூணும் மலையும் நம் தலைமேல் சரிகின்றன. மூலைகளை மழுக்கிவிட்டதால் சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று கண் பிடிபடாமல் தவிக்கிறது. நேற்றைய தொட்டியே தேவலை.

மாலையில் ஸ்ப்ரிசொலோனா. பாதாம் போட்ட மொறுமொறு கேக். கத்தி வைத்தால் பொடியாகிவிடும், கையால்தான் உடைக்க வேண்டும். சட்டையெல்லாம் தூள்.

நாளை பஸ்ஸில் காஸ்திலியோனே. இதே மாவட்டம்தான், வீரமாமுனிவர் 1680இல் பிறந்த ஊர். மாந்தோவா என்று எழுதும்போது 'தோ'வுக்கு நான் போடும் இரட்டைக் கொம்பு அவர் கொண்டுவந்தது.