எலுமிச்சை கட்டிய வீடு

தென்காசியிலிருந்து மதுரை செல்லும் பஸ்ஸில் கடையநல்லூரைத் தாண்டினால் புளியங்குடி. பெயரில்தான் புளி, ஊருக்குச் சோறு போடுவது எலுமிச்சை. 2019-இல் தென்காசி தனி மாவட்டமானது, பெரியவர்கள் வாயில் இன்னும் திருநெல்வேலி ஜில்லாதான்.

மார்க்கெட்டில் காய் ஏலத்தைச் சற்று நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, நண்பனின் ஆச்சி வீட்டுக்குப் போனேன். மூன்று தலைமுறை எலுமிச்சை வியாபாரிகள் வாழ்ந்த வீடு. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முகப்பு ஏமாற்றம்தான்: திண்ணை, இரண்டு மரத்தூண், அவற்றையும் பாதி மறைக்கும் தகரக் கொட்டகை. யார் யோசனையோ!

"மார்க்கெட் வழியாகத்தானே வந்தாய்? காய் என்ன விலை?" என்றார் ஆச்சி. விழித்தேன். விலையைக் கேட்கத் தோன்றவில்லை.

தார்சா என்கிற முன்தாழ்வாரத்தைக் கடந்து, பட்டாசல் என்கிற கூடத்துக்குள் நுழைந்தால், சுண்ணாம்புத் தரை முகம் தெரியும்படி மின்னுகிறது. ஆனால் வீட்டிலேயே பெரிய அறை அதன் பின்னால் இருக்கிறது; வெயில் எட்டாத, காற்று மட்டும் வரும் அறை. வீட்டு மனிதர்கள் யாரும் அதில் படுத்ததில்லையாம். காய் கொட்டி, பெருவெட்டு, சிறுவெட்டு என்று தரம் பிரித்த இடம். அங்கே மட்டும் தரை கருங்கல்.

"நசுங்கின காயின் சாறு பட்டால் சுண்ணாம்பு அரித்துவிடும் தம்பி" என்று சொல்லி, வாசற்படி ஓரம் என்னைக் குனியவைத்தார். கல் முடிந்து சுண்ணாம்புத் தரை தொடங்கும் இடத்தில் அம்மைத் தழும்பு போலச் சின்னச் சின்னக் குழிகள். விரலால் தடவிப் பார்த்தேன், சொரசொரப்பாக இருந்தது.

கதவுக்குப் பின்னால் ஒரு முழ அகலச் சுவருக்கு வெள்ளையடிப்பதே இல்லை. அவருடைய மாமனார் கரியால் போட்ட மூட்டைக் கணக்கு அதில் இருக்கிறது. நான்கு கோடு, குறுக்கே ஒன்று. வண்டி கட்டிச் செங்கோட்டைக்குப் போன சரக்கு. 1904-லேயே அங்கிருந்து கணவாய் வழியாகக் கொல்லத்துக்கு ரயில் வந்துவிட்டது. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சீமை. இன்றைக்கும் மலையாளத்து ஊறுகாய்க்கு இங்கிருந்துதான் லாரி போகிறது. கோடுகளை எண்ணத் தொடங்கி நூற்றைத் தாண்டியதும் தவறவிட்டேன்.

மழைக்காலத்தில் காய் குவிந்து விலை சரியும், கோடையில் ஏறும். மாடியின் முன்பாதிக்குக் கதவு நிலைகளெல்லாம் தேக்கு, பின்பாதிக்கு வேம்பு. "அந்த வருஷம் காய் விலை விழுந்துவிட்டது" என்றார் ஆச்சி.

திரும்பும்போது மார்க்கெட்டில் இறங்கி விலையை விசாரித்து, நண்பனுக்குப் போன் செய்தேன். ஆச்சிக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.