தைலமரம் நின்ற மேட்டில் புங்கமும் வேம்பும்

காரைக்குடியிலிருந்து கல்லல் போகும் வழியில் எங்களுக்கு ஒரு துண்டு மேட்டு நிலம் இருக்கிறது. ஐயா காலத்தில் வரகும் கடலையும் விளைந்த இடம். பிறகு தைலமரம் போட்டார்கள். அதையும் வெட்டி விற்றபின் மேல்மண் மழையில் அரித்துப் போய்விட்டது. கால் வைத்தால் சரளை நறநறக்கும்; அரையடி தோண்டினால் செம்புறாங்கல். நிழலில் செழிப்பாக வளர்ந்த கன்று இங்கே ஒரு கோடைகூடத் தாங்காது. அதனால் விதையிலிருந்தே தொடங்கினேன்.

புங்கங்காய் கண்மாய்க்கரையில் பொறுக்கியது. ஓட்டை உடைத்துப் பருப்பை ஊன்றினால் போதும், 2 வாரத்துக்குள் முளை தெரிகிறது. வாகை விதைக்குத் தோல் கெட்டி. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, அதில் போட்டு இரவெல்லாம் ஊறவிட்டு, உப்பியவற்றை மட்டும் விதைத்தேன். வேம்பு காத்திருக்காது. ஆனி, ஆடியில் உதிரும் பழத்தின் சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டொரு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் முளைப்புத்திறன் மளமளவென்று இறங்கிவிடும். இலுப்பையும் அப்படித்தான்.

பைக்கு செம்மண் 2 பங்கு, மணல் 1, தொழு எரு 1. அதோடு வேர்முடிச்சுப் பாக்டீரியாவுக்காகப் பழைய புங்கமரத்தடியிலிருந்து ஒரு கைப்பிடி மண்.

முளைத்த புதிதில் கீற்றுப் பந்தல் இருந்தது. கன்று நிமிர்ந்ததும் கீற்றை ஒவ்வொன்றாக உருவினேன். தண்ணீரையும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்து, கடைசியில் இலை லேசாகத் துவண்ட பிறகே ஊற்றினேன். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் புதிதாக வந்த இலைகள் சிறுத்துத் தடித்தன, தண்டு பச்சை மாறி முற்றியது. வேர் தரையில் இறங்கிவிடாதபடி பைகளை அவ்வப்போது இடம் மாற்றி வைத்தேன்.

நடுவதற்கு முன் ஒரு புங்கம் பையைக் கிழித்துப் பார்த்தேன். கன்று ஒரு முழம்கூட இல்லை. ஆணிவேரோ பையின் அடியைத் தொட்டு வளையத் தொடங்கியிருந்தது. சல்லிவேரில் கடுகளவில் முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு! காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக்கொடுக்கும் பாக்டீரியா உயிரோடு வேலை செய்கிறது என்பதற்கு அந்த நிறமே சாட்சி. இந்தச் சரளைக்கு இதைவிட நல்ல உரம் வேறென்ன வேண்டும்? வளைந்த நுனியைக் கத்தரித்துவிட்டு நட்டேன்.

ஐப்பசியில் நல்ல மழை இறங்கியபின் கடப்பாரையால் ஒன்றரை அடிக் குழி. அதில் கரம்பை, அதாவது கண்மாய் வண்டல். சரிவின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் வரப்பு. ஆடு மேய்க்கும் அக்கா ஒருவர் நின்று பார்த்துவிட்டு, “வெட்டவெளியில் ஏன் தம்பி வைக்கிறீர்கள்? ஆவாரஞ்செடியை ஒட்டி வையுங்கள், ஆடு அதைத் தொடாது” என்றார். பாதிக் கன்றுகளை அப்படியே வைத்தேன்.

இப்போது பங்குனி. ஆவாரைக்கு அருகில் இருப்பவைதான் பசுமையாக நிற்கின்றன. மேற்கு வெயில் அவற்றின் மேல் நேராக விழுவதில்லை. புங்கமும் வேம்பும் பெரும்பாலும் பிழைத்துவிட்டன. வாகையை ஆடு விடுவதாக இல்லை, அதனால் சீமைக்கருவேல முள்ளைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். தைலக்கட்டைகள் மறுபடி துளிர்க்கின்றன, விடாமல் வெட்டிக்கொண்டிருக்கிறேன். சரளை மேட்டில் வைத்த இலுப்பை கருகிவிட்டது. வரும் பழக்காலத்தில் அதன் விதையைக் கண்மாயை ஒட்டிய தாழ்ந்த மூலையில் நேரடியாகவே ஊன்றப்போகிறேன்.