பீச் ரயிலில் சான் பிரான்சிஸ்கோ

ஜூன் 8, 2025, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டதாகக் காலண்டர் சொல்கிறது. குரோம்பேட்டைக்கு இன்னும் தகவல் வந்து சேரவில்லை. மதியம் கரண்ட் போனது. ஃபேன் இல்லாமல் தூங்கவும் முடியாது, போனில் சார்ஜும் இல்லை. தோழி கொண்டுவந்து கையில் திணித்துவிட்டுப் போன புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். மலிண்டா லோவின் 'லாஸ்ட் நைட் அட் தி டெலிகிராஃப் கிளப்'. 2021இல் வந்தது, அந்த வருடமே அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது, இளையோர் பிரிவில். நானூறு பக்கத்துக்கு மேல். பதின்வயதினருக்கான நாவல் என்று போட்டிருக்கிறது. எனக்கு முப்பத்திரண்டு, இருக்கட்டும். என் பதினேழு வயதில் தெருமுனை வாடகை நூலகத்தில் கிடைத்ததெல்லாம் அத்தை மகன் கதைகள்தான்.

1954, சான் பிரான்சிஸ்கோ சைனாடவுன். லில்லி ஹூவுக்குப் பதினேழு. அப்பா டாக்டர், அம்மா நர்ஸ். கணக்கில் கெட்டிக்காரி, ராக்கெட் என்றால் உயிர். ஒருநாள் பேப்பரில் ஒரு விளம்பரம் பார்க்கிறாள்: டெலிகிராஃப் கிளப்பில் கோட்டு சூட்டு போட்டு, ஆண் வேடத்தில் பாடும் டாமி ஆண்ட்ரூஸ் என்ற பெண். கத்தரித்து எடுத்து ஒளித்துவைக்கிறாள். எதற்கு என்று அவளுக்கே விளங்கவில்லை. நமக்கு விளங்கிவிடுகிறது. அவளுக்கு எப்போது விளங்கும் என்று காத்திருப்பதிலேயே பக்கங்கள் ஓடுகின்றன.

ஜூன் 10, செவ்வாய்

காலை வண்டியில் லேடீஸ் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தது. இதைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும்.

மருந்துக்கடை ஸ்டாண்டில் லில்லி ஒரு மலிவு நாவலைக் கண்டுபிடிக்கிற இடம் வந்தது. இரண்டு பெண்களைப் பற்றிய கதை. காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகத் துணிச்சல் இல்லை. அங்கேயே, யாரும் வராத மூலையில் நின்றபடி படிக்கிறாள். மறுபடி வருகிறாள், மறுபடி படிக்கிறாள். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இப்படிப்பட்ட பேப்பர்பேக்குகள் லட்சக்கணக்கில் விற்றிருக்கின்றன. பலவற்றில் கடைசியில் யாராவது சாக வேண்டும், அல்லது பைத்தியம் பிடிக்க வேண்டும். அப்படியும் ஒளித்து ஒளித்துப் படித்தார்கள். தன்னைப் போல ஒருத்தி அச்சில் இருக்கிறாள் என்பதே போதுமானதாக இருந்திருக்கிறது.

என் புத்தகத்தின் அட்டையில் இரண்டு பெண்கள் கைகோத்து நிற்கிறார்கள். எதிர் சீட்டில் கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்த அக்கா அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "காலேஜ் பாடமாம்மா?" என்றார். கதைப் புத்தகம் என்றேன். "நல்லா இருக்கா?" ரொம்ப நல்லா இருக்கு என்றேன். மாம்பலத்தில் இறங்கிப் போய்விட்டார்.

ஜூன் 13, வெள்ளி

முதல் காதலை எழுதுவது சுலபம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இதயம் படபடத்தது, உலகம் நின்றது, முடிந்தது. இந்த அம்மாள் அப்படிச் செய்யவில்லை. லில்லியும் காத் என்ற பெண்ணும் ஒரே வகுப்பில் கணக்குப் படிக்கிறவர்கள், வருடக்கணக்காக முகம் தெரியும், அதற்குமேல் ஒன்றுமில்லை. அந்த விளம்பரத் துண்டு காத் கண்ணில் படுகிறது. அவள் சிரிக்கவில்லை, பதறவில்லை. அந்த கிளப்புக்கு நான் போயிருக்கிறேன் என்கிறாள். நான் இங்கே புத்தகத்தை மூடிவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்துதான் தொடர்ந்தேன்.

அப்புறம் இரண்டு பேரும் பேசுவது என்ன தெரியுமா? காத் விமானம் ஓட்ட வேண்டும் என்கிறாள். லில்லி விண்வெளிக்குப் போவதைப் பற்றிப் பேசுகிறாள். 1954இல், இரண்டு பெண்பிள்ளைகள்! ஒருத்தி சொல்லும் கிறுக்குத்தனத்தை இன்னொருத்தி கேலி செய்யாமல் கேட்கிறாள், மேலும் கேள்வி கேட்கிறாள். காதல் அங்கேயே முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. முத்தம் எல்லாம் ரொம்ப நேரம் கழித்துத்தான்.

ஒரு குறை. காத்தின் வீடு நமக்குச் சரியாகத் தெரிவதே இல்லை. லில்லி வீட்டில் என்ன சமையல் என்பது வரை தெரிகிறது. காத் எப்போதும் தெருமுனையில் காத்திருக்கிறவளாகவே இருக்கிறாள்.

ஜூன் 15, ஞாயிறு

அம்மாச்சி வந்திருக்கிறார். எண்பத்துமூன்று வயது, காது கொஞ்சம் மந்தம், கேட்க வேண்டியது மட்டும் தெளிவாகக் கேட்கும். "என்ன கதை தாயி?" என்றார். பொம்பளை ஒருத்தி ஆம்பளை வேசம் கட்டிப் பாடுறா, அதைப் பாக்க ஒரு பொண்ணு வீட்டுக்குத் தெரியாம போறா என்றேன். அமெரிக்கா என்று சொல்லவில்லை.

"இதென்ன புதுசா? எங்க ஊர்த் திருவிழாவுல வள்ளி திருமணம் போட்டாங்க. ராஜபார்ட்டு பொம்பளதான். வேலனா வந்து நின்னா பாரு, கிரீடமும் மையில எழுதுன மீசையும்... என்ன குரலுங்கற!" என்று ஆரம்பித்தார். புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் விடியவிடிய நடக்கும். பெண்கள் பக்கம் பாயை விரித்து, சின்னப் பிள்ளைகளைத் தூங்கப் போட்டுவிட்டு உட்கார்வார்களாம். "எதுத்த வீட்டு பாக்கியம் அக்கா மட்டும் பாயில உக்காராது. மேடைக் கால் பக்கத்துலயே நிக்கும். நாடகம் முடிஞ்சும் வராது. கொட்டகைக்குப் பின்னால போயி, வேசம் கலைக்கறதையும் பாத்துட்டுத்தான் வரும்."

அப்புறம் என்ன ஆச்சு என்றேன். "அப்பறம் என்ன, கட்டிக் குடுத்தாங்க" என்று வெற்றிலையை மடித்தார். அதற்குமேல் பேச்சைக் காய்கறி விலைக்கு மாற்றிவிட்டார்.

ராத்திரி படுத்தபிறகும் இதே நினைப்பு. நம் ஊரில் இந்த வேடத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. கணவர் கிட்டப்பா 1933இல் இறந்துபோனபின் இனி ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்த கே.பி.சுந்தராம்பாள், 1935இல் படத்தில் நந்தனாராகவே நடித்தார். ஒரு லட்ச ரூபாய் சம்பளம். கல்கி பத்திரிகைக்குப் பணம் வேண்டும் என்று எம்.எஸ்.சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக வந்தார், 1941. ஊரே கும்பிட்டுப் பார்த்தது. மேடைக்கு மேலே நின்றவர்கள் பெயரெல்லாம் சரித்திரத்தில் இருக்கிறது. மேடைக் கால் பக்கத்தில் நின்ற பாக்கியம் அக்காவை நான் இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். இந்த நாவல் எழுதப்பட்டிருப்பது அந்த அக்காவின் இடத்திலிருந்து.

ஜூன் 18, புதன்

ஆபீசில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் கெடு. நான்கு பக்கம்தான் படித்தேன்.

ஜூன் 19, வியாழன்

இந்தக் கதை வெறும் காதல் கதை இல்லை என்று உறைக்க ஆரம்பித்திருக்கிறது. லில்லியின் அப்பாவுடைய குடியுரிமைக் காகிதங்களை எஃப்.பி.ஐ. பிடுங்கி வைத்துக்கொள்கிறது. காரணம், தன்னிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒரு பையனைக் கம்யூனிஸ்ட் என்று கையெழுத்துப் போட்டுத்தர அவர் மறுத்துவிட்டார். சீனர்கள் வரக்கூடாது என்று 1882இல் போட்ட சட்டத்தை அமெரிக்கா 1943இல்தான் எடுத்தது. எடுத்தும் வருடத்துக்கு 105 பேருக்குத்தான் அனுமதி. அதன் பிறகு, யாரைப் பார்த்தாலும் கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்ட மெக்கார்த்தி காலம். ராக்கெட் விஞ்ஞானி சியான் ஷுவேசென், பசடேனாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவரையே 1950இல் சந்தேகப்பட்டு, ஐந்து வருடம் முடக்கிவைத்து, 1955இல் சீனாவுக்கு அனுப்பினார்கள். அவர் போய் அங்கே ஏவுகணை செய்து கொடுத்தார். நல்ல புத்திசாலித்தனம்!

லில்லியின் ஜூடி அத்தைக்கும் அதே ஆய்வகத்தில்தான் வேலை, கணக்குப் போடுகிற பெண்களில் ஒருத்தியாக. நடுநடுவே பெற்றோர், அத்தை ஆகியோரின் இளமைக்காலம் தனி அத்தியாயங்களாக வருகிறது. முதலில் எனக்கு எரிச்சல். லில்லி கிளப் வாசலில் நிற்கிறாள், இவர்கள் நாற்பதுகளுக்கு இழுத்துப் போகிறார்கள். இப்போது புரிகிறது. அந்த அம்மாவைக் கெட்டவளாக்கிவிட்டுப் போக நாவலுக்கு மனசில்லை. போலீஸ் கண்ணில் பட்டாலே நாடு கடத்துவார்களோ என்று பயப்படுகிற வீட்டில், பெண் ராத்திரி ஜன்னலைப் பார்க்கிறாள் என்றால் அது காதல் பிரச்சினை மட்டுமா?

ஜூன் 22, ஞாயிறு

முடித்துவிட்டேன். கிளப்பில் போலீஸ் புகுவதிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சு. முடிவைச் சொல்லப்போவதில்லை. வீட்டைவிட்டு வெளியே வந்த லில்லி இரவில் எங்கே போவாள் என்ற இடத்தில் மட்டும் நின்றுவிட்டேன்.

மதுரையிலிருந்து, ஒருவரையொருவர் காதலித்த இரண்டு பெண்கள் அப்படிக் கிளம்பி வந்த ஊர் இந்தச் சென்னை. வீட்டார் காணவில்லை என்று புகார் கொடுக்க, அவர்கள் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் தெளிவு போதாது என்று உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டபின், 2021 ஜூன் 7 அன்று உத்தரவு போட்டார். 'குணப்படுத்துகிறேன்' என்று கிளம்பும் வைத்தியத்துக்கு அதில் தடை. போன மாதம் அதே நீதிமன்றம், பெற்றோர் அடைத்துவைத்திருந்த பெண்ணை அவள் விருப்பப்படி போகவிட்டு, குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்றது. தன்பாலின ஜோடிகளுக்குக் கல்யாண உரிமையை உச்ச நீதிமன்றம் 2023இல் தரவில்லை என்பதும் அதோடு சேர்ந்ததுதான்.

ஷர்லியைப் பற்றி எழுத மறந்தேபோனேன். லில்லியின் சிறுவயதுத் தோழி. நாவலிலேயே எனக்குப் பிடித்த, பிடிக்காத பாத்திரம் அவள்தான். நல்லது சொல்கிற மாதிரியே குத்துவாள். தோழி தன்னைவிட்டு நழுவுகிறாள் என்பது அவளுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது, ஆனால் அந்தப் பொறாமைக்கு அவளிடம் பெயர் இல்லை. அவள் வருகிற ஒவ்வொரு இடத்திலும் பள்ளி நாட்களில் என் பக்கத்து பெஞ்சில் இருந்த ஒருத்தியின் முகமே வந்தது. காத்தைவிட ஷர்லிக்குத்தான் ஆசிரியை அதிகம் உழைத்திருக்கிறார் என்று சத்தியம் செய்வேன்.

ஜூன் 24, செவ்வாய்

புத்தகத்தைக் கேட்டுத் தோழி இரண்டுமுறை மெசேஜ் போட்டுவிட்டாள். அவளுடைய சித்தி மகள் பிளஸ் டூவாம், வரிசையில் நிற்கிறாளாம். இதே ஆசிரியை 2022இல் எழுதிய 'எ ஸ்கேட்டர் ஆஃப் லைட்' 2013இல் நடக்கிறது; லில்லியும் காத்தும் அதில் வயதானவர்களாகத் தலைகாட்டுகிறார்கள் என்று சொன்னாள். உடனே வாங்கு, நான் முதலில் படிக்கிறேன் என்றேன். "ஏன்டி, நீதான் சம்பாதிக்கறியே, நீ வாங்கு" என்கிறாள். சம்பளம் வரட்டும்.