தாய்மாமாவுக்குப் பணம் கொடுத்தால் யாருக்கு வரி?

அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது தாய்மாமாதான். அவர் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் ஐந்து லட்சம் கொடுப்பது என்று முடிவு செய்தேன். மாமாவின் கணக்கில் போடுவதற்கு முன்னால் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்தான் விஷயமே புரிந்தது.

கொடுக்கிற எனக்கு வரி எதுவும் கிடையாது. 1958-இல் வந்த பழைய நன்கொடை வரிச் சட்டத்தில் கொடுப்பவர்தான் கட்ட வேண்டும். 1998 அக்டோபரோடு அது போய்விட்டது. இப்போது வருமான வரிச் சட்டம் வாங்குபவரைத்தான் பார்க்கிறது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வந்த பணம் எல்லாம் சேர்த்து 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகையும் அவருடைய வருமானத்தில் சேர்ந்துவிடும்.

"மாமா எனக்கு உறவினர் இல்லையா சார்?" என்று கேட்டேன். அவர் உங்களுக்கு உறவினர், நீங்கள் அவருக்கு இல்லை என்றார். சட்டம் தரும் பட்டியலை வாங்குபவர் பக்கம் நின்று படிக்க வேண்டும்: கணவன் மனைவி, உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தவர்கள், அப்பா அம்மாவின் உடன்பிறந்தவர்கள், தன் பக்கமும் கணவன் அல்லது மனைவி பக்கமும் நேர்வழியில் பாட்டி தாத்தா முதல் பேரன் பேத்தி வரை, அப்புறம் இவர்களின் கணவன் மனைவிமார். என் அம்மாவின் தம்பி என்பதால் மாமா எனக்கு எவ்வளவு கொடுத்தாலும் வரி இல்லை. ஆனால் அக்கா மகன் என்ற உறவு அந்தப் பட்டியலிலேயே இல்லை. தாய்மாமா சீர் செய்யலாம், அக்கா மகன் திருப்பிச் செய்தால் வரி என்பது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை. பெரியப்பா பிள்ளை, சித்தி பெண் எல்லாரும்கூட பட்டியலுக்கு வெளியேதான்.

வழி கல்யாணத்திலேயே இருந்தது. திருமணத்தை ஒட்டி மணமக்களுக்கு வரும் பரிசுக்கு, யார் கொடுத்தாலும், எவ்வளவு ஆனாலும், வரி கிடையாது. இந்த விலக்கு பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மட்டும்தான், கல்யாணச் செலவைச் சுமக்கிற அப்பாவுக்கு இல்லை. அதனால் பணத்தை நேராகப் பெண்ணின் கணக்குக்கே கல்யாணத்தை ஒட்டி அனுப்பினேன். திருமணப் பரிசாகக் கொடுக்கிறேன் என்று ஒரு கடிதம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அதோடு பத்திரிகை, திருமணப் பதிவுச் சான்றிதழ், என் பாங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றின் நகலும் அவளிடம் இருக்கிறது. நாளைக்கு வருமான வரித்துறை கேட்டால் காட்ட வேண்டியது அவள்தான்.

ரொக்கமாகக் கொடுத்துவிடலாமே என்று வீட்டில் சொன்னார்கள். அது வேண்டவே வேண்டாம். ஒரே ஆளிடமிருந்து ஒரு நிகழ்ச்சிக்காக இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வாங்கியவருக்கு அபராதம் விழலாம், கல்யாணப் பரிசாக இருந்தாலும்.

மாமாவுக்கே நேரடியாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை இன்னும் இருக்கிறது. நான் அம்மாவுக்குக் கொடுப்பதற்கும் அம்மா தன் தம்பிக்குக் கொடுப்பதற்கும் வரி இல்லை. ஆனால் பெயருக்கு அம்மா கணக்கு வழியாகத் தள்ளிவிடுவது ஆகாது, அது உண்மையிலேயே அம்மாவின் பணமாக, அவர் தன் விருப்பப்படி கொடுப்பதாக இருக்க வேண்டும் என்று ஆடிட்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் வட்டியில்லாக் கடனாகப் பாங்க் மூலம் கொடுக்கலாம், கடன் என்றால் மாமா திருப்பித் தர வேண்டியிருக்கும், எனக்கு அது பிடிக்கவில்லை. இப்போதைக்கு வருஷத்துக்கு 50,000-க்குள் அனுப்புகிறேன், வேறு யாரும் அவருக்கு அப்படிக் கொடுக்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் அத்தையிடம் கேட்டுக்கொண்டு.