அக்காவின் மடிக்கணினியில் நான் போட்டுக்கொடுத்த நீட்சி

போன மாதம் அக்கா போன் செய்தாள். "கூகுள்ல எதைத் தேடினாலும் நடுவுல வேற ஏதோ பக்கம் வந்துட்டுப் போகுதுடா. கொஞ்சம் வந்து பாரேன்."

வைரஸாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆன்டிவைரஸை ஓடவிட்டால் ஒன்றும் சிக்கவில்லை. அப்புறம் முகவரிப் பட்டையிலேயே கண்ணை வைத்துக்கொண்டு ஒரு தேடல் முடிவைச் சொடுக்கினேன். கண் இமைக்கும் நேரத்துக்குக் கேள்விப்படாத ஒரு முகவரி தோன்றி மறைந்தது. அதன் வாலில் நீளமாக எண்களும் எழுத்துகளும். உடனே போகவேண்டிய தளம் ஒழுங்காகத் திறந்துகொண்டது. அக்கா இதைக் கவனித்ததே பெரிய விஷயம்.

அதே தேடலை ஃபயர்பாக்ஸ் உலாவியில் செய்தால் நேராகப் போகிறது. அப்படியென்றால் கோளாறு குரோமுக்குள்தான். நீட்சிகள் பக்கத்தைத் திறந்தேன். நீட்சி என்றால் கூடுதல் வசதிக்காக உலாவியில் நாம் சேர்த்துக்கொள்கிற சின்ன நிரல், எக்ஸ்டென்ஷன். மொத்தம் 11 இருந்தன. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஏழாவதைப் போட்டதும் அந்த முகவரி திரும்பவும் வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கிற ஒரு சின்ன நீட்சி. மூன்று வருடத்துக்கு முன்னால் "நானும் இதைத்தான் வச்சிருக்கேன், நல்லா இருக்கு" என்று சொல்லி அதைப் போட்டுக்கொடுத்தவன் நான்தான். வயிற்றைப் பிசைந்தது.

அன்றைக்கு அது நல்ல நீட்சியாகத்தான் இருந்தது. இப்போது அதன் பக்கத்தில் போய்ப் பார்த்தால் பெயர் அதே, படம் அதே, உருவாக்கியவர் பெயர் மட்டும் வேறு. இடையில் எப்போதோ கைமாறியிருக்கிறது. எங்கள் இருவருக்கும் ஒரு அறிவிப்பும் வந்ததில்லை.

நீட்சி விஷயத்தில் எனக்குப் பெரிய பயமே இதுதான். நிறுவும்போது பார்த்துப் பார்த்துத்தான் நிறுவுகிறோம், மதிப்புரைகளைப் படிக்கிறோம், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கிறோம். ஆனால் நீட்சி தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. அன்று நாம் நம்பிய நிரல் இன்று அதே நிரலாக இருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. புதிய பதிப்பு கூடுதல் அனுமதி கேட்டால் குரோம் அதை நிறுத்திவைத்து நம்மிடம் கேட்கும், உண்மைதான். ஆனால் 'எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' என்ற அனுமதியை முதல் நாளே கொடுத்துவிட்டோமே! அதற்கு மேல் புதிதாகக் கேட்க என்ன இருக்கிறது?

அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படிக்காமல் தாண்டியிருப்பேன் என்று தெரியாது. அதற்கு உண்மையான அர்த்தம் என்னவென்றால், நீட்சியின் நிரல் நாம் திறக்கிற பக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்து ஓடும். வங்கிப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கமுடியாது. அந்தப் பூட்டு வழியில் யாரும் ஒட்டுக்கேட்காமல் காப்பதற்கு. நீட்சி இருப்பதோ உலாவியின் உள்ளே, எல்லாம் பூட்டுத் திறந்து எழுத்தாகத் தெரிகிற இடத்தில். கடவுச்சொல்லைத் தட்டும்போதே படிக்கலாம். நாம் உள்நுழைந்திருப்பதைத் தளம் நினைவில் வைக்க உலாவியில் சேமிக்கும் சின்னக் குறிப்புகளான குக்கீகளைத் தொடும் அனுமதியும் சேர்ந்திருந்தால், நாம் உள்நுழைந்த நிலையை அப்படியே களவாடலாம். அதன் பிறகு ஓடிபி இருந்தும் பயனில்லை.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த கதை இல்லை. பயன்படுத்தாத டேப்களைத் தூங்கவைக்கும் 'தி கிரேட் சஸ்பெண்டர்' பலருக்கு நினைவிருக்கும். 20 லட்சம் பேர் வைத்திருந்த நீட்சி அது. 2020 ஜூனில் அதை உருவாக்கியவர் விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்றே வெளியே தெரியவில்லை. 2021 பிப்ரவரியில், தீங்கான நிரல் இருக்கிறது என்று கூகுள் அதைத் தன் நீட்சிக் கடையிலிருந்து தூக்கியது, பயன்படுத்தியவர்களின் உலாவியிலும் முடக்கியது. தூங்கவைத்திருந்த டேப்களை மீட்கமுடியாமல் நிறையப் பேர் தவித்தார்கள்.

விற்காமலேயும் கைமாறும். சைபர்ஹேவன் என்பது நிறுவனங்களின் தரவைப் பாதுகாத்துத் தரும் நிறுவனம். 2024 டிசம்பர் 24 அன்று அதன் ஊழியர் ஒருவருக்கு, கூகுளின் நீட்சிக் கடை அனுப்பியது போலவே ஒரு மின்னஞ்சல்: உங்கள் நீட்சி விதியை மீறுகிறது, நீக்கப்படும் என்று. அவர் சொடுக்கி, கேட்ட அனுமதியைக் கொடுத்தார். அவர் கணக்குக்குக் கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் சேர்ந்த இரட்டைப் பாதுகாப்பு இருந்தது, இருந்தும் அது தடுக்கவில்லை. ஏனென்றால் கடவுச்சொல்லை யாரும் திருடவில்லை, அனுமதியைத்தான் வாங்கினார்கள். மறுநாள் கிறிஸ்துமஸ். அந்த அனுமதியை வைத்து அவர்கள் ஏற்றிய கெட்ட பதிப்பு ஏறக்குறைய 24 மணிநேரம் கடையில் இருந்தது. சுமார் 4 லட்சம் பயனர்கள் கொண்ட நீட்சி. பாதுகாப்பையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இந்த நிலை என்றால், ஓய்வு நேரத்தில் தனியாளாக ஒரு நீட்சியைப் பராமரிக்கிறவர் என்ன செய்வார்? அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் கையில் என் வங்கிப் பக்கத்தைக் கொடுக்கவும் மாட்டேன்.

சரி, அக்காவின் கணினிக்கு வருகிறேன். முதலில் அந்த நீட்சியை நீக்கினேன். கடவுச்சொல் மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால் புதுக் கடவுச்சொல்லும் அதன் கண்ணில் படும். பிறகு மின்னஞ்சலிலும் மற்ற முக்கியமான கணக்குகளிலும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதைச் சொடுக்கினேன். கடவுச்சொல்லை மட்டும் மாற்றி இதை விட்டுவிட்டால், ஏற்கெனவே திருடிப்போன உள்நுழைவு சில தளங்களில் அப்படியே உயிரோடு இருக்கும்.

மீதி பத்தையும் அக்காவோடு உட்கார்ந்து பார்த்தேன். "இது என்னடா?" என்று அவளே கேட்டது நான்கு. அவற்றை நீக்கினோம். இன்னும் மூன்று பல மாதங்களாகத் தொடாதவை, அவையும் போயின. விளம்பரத் தடுப்பான், கடவுச்சொல் மேலாளர், அகராதி மட்டும் மிச்சம். அகராதி எல்லாத் தளத்தையும் பார்க்கத் தேவையே இல்லை. அதன் 'விவரங்கள்' பக்கத்துக்குப் போய்த் தள அணுகலை, சொடுக்கும்போது மட்டும் என்று மாற்றிவைத்தேன். இப்போது அக்கா அதன் சின்னத்தைத் தொட்டால்தான் அந்தப் பக்கத்தைப் பார்க்கும்.

என் கணினியிலும் அதே ஸ்கிரீன்ஷாட் நீட்சி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை எடுத்தேன்.

மறுநாள் அக்கா கேட்டாள், "அப்போ ஸ்கிரீன்ஷாட் எப்படிடா எடுக்கிறது?" விண்டோஸ், ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். திரை மங்கியது, வேண்டிய இடத்தைச் சுற்றி இழுத்தாள், வேலை முடிந்தது. "இது முன்னாடியே இருந்துச்சா?" என்றாள். நாங்கள் அந்த நீட்சியைப் போட்ட நாளிலும் இருந்தது.